ஓட்டை விழாத கண்

ஓசூர் சிப்காட்டில் கேட்டுக்குக் கேட் ஒரு பூசணிக்காய் தொங்கும். பூசணி இல்லாத இடத்தில் பிதுங்கிய விழியும் துருத்திய நாக்குமாக ஒரு பூதத்தின் முகம். ஊரார் கண் பட்டுத் தொழில் கெட்டுவிடக் கூடாதல்லவா? அமாவாசை தவறாமல் பழையதைக் கழற்றி ரோட்டில் உடைத்துவிட்டுப் புதியதைக் கட்டுகிறார்கள். அந்தச் செலவுக்கு எந்த முதலாளியும் மூன்று கொட்டேஷன் கேட்டதில்லை. கண்ணுக்கு இவ்வளவு பயப்படுகிற தொழில் வட்டாரம் பூமியில் வேறெங்கும் இருக்காது. உள்ளே கிரைண்டிங்கில் நிற்கிற பையனின் கண்ணுக்கு ஒரு கண்ணாடி வேண்டுமென்றால் மட்டும் இன்டென்ட் போட்டு, ஸ்டோரில் கையெழுத்து வாங்கி, "போன மாசம்தானே குடுத்தோம், அத என்ன பண்ண?" என்ற விசாரணைக்கும் பதில் சொல்ல வேண்டும்.

கேட்டைத் தாண்டினால் இன்னொரு பலகை. 'விபத்தில்லாத நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் மூன்று இலக்கத்தில் ஓர் எண். தினமும் காலையில் செக்யூரிட்டி அண்ணன் அதில் ஒன்றைக் கூட்டி எழுதுவார். அந்த எண்ணை வளர்ப்பது ஒரு தனிக் கலை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 88-ஆம் பிரிவில், காயம்பட்டவர் விபத்தைத் தொடர்ந்து உடனே வரும் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால் அரசுக்குத் தகவல் தர வேண்டும் என்றது. செத்துப்போனாலும் தர வேண்டும். சட்டத்துக்கு அந்த அளவுக்கு இரக்கம் உண்டு. 2020-இல் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. பெயர் மாறியது, பிரிவு எண் மாறியது, 48 மட்டும் அசையவில்லை. இன்னொரு காரியமும் செய்தார்கள். கரண்டும் பத்து ஆளும் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்ததை இருபது ஆள் என்றாக்கினார்கள். சிட்கோவிலும் மூக்கண்டப்பள்ளிச் சந்துகளிலும் பன்னிரண்டு பேரை வைத்து லேத்தும் டிரில்லிங்கும் ஓட்டுகிற ஷெட்டுகள் ஒரே கையெழுத்தில் தொழிற்சாலை அந்தஸ்தை இழந்தன. அங்கே பறக்கிற இரும்புத் தூளுக்குத்தான் இந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை.

கண்ணில் அடிபட்டவனை 48 மணி நேரத்துக்குள் வேலைக்கு வரவைப்பது ஒன்றும் சிரமமில்லை. கால் நசுங்கியவனால் வர முடியாது. கண்ணில் பட்டவனுக்குக் கையும் காலும் நன்றாக இருக்கின்றன. இன்னொரு கண்ணும் இருக்கிறது. ஒரு பக்கம் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டிய முகத்தோடு மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி கார்டு பஞ்ச் செய்வான். பேக்கிங்கில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைப்பார்கள். அதற்கு லைட் டூட்டி என்று பெயர். எட்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சம்பளம் உண்டு, எச்.ஆர். அவ்வளவு நல்லவர். வேலைக்கு வந்துவிட்டான், ஆகவே விபத்து நடக்கவில்லை. செக்யூரிட்டி அண்ணன் சாக்பீஸை எடுக்கிறார்.

இதே தமிழ்நாட்டில் 48-க்கு இன்னொரு முகமும் உண்டு. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டுகிறது. நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆகவே கண்ணில் அடிபடப் போகிற ஓசூர்த் தொழிலாளிக்கு ஒரு யோசனை: கொஞ்சம் பொறுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்து, 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நின்று அடிபட்டுக்கொள்ளவும். ரோட்டில் பட்டால் அந்த 48 மணி நேரம் அரசின் பொறுப்பு. ஷெட்டில் பட்டால் அந்த 48 மணி நேரமே கிடையாது.

விழியைத் துளைத்துக்கொண்டு போகிற காயம் நாகரிகம் தெரியாதது. ரத்தமும் அலறலும் ஆம்புலன்ஸுமாக ஊரைக் கூட்டிவிடும். துளைக்காத காயம் நிர்வாகத்தின் மனசு அறிந்து நடப்பது. விழியின் சுவர் கிழியாது. வெளியிலிருந்து பார்த்தால் சிவந்திருக்கும், கொஞ்சம் வீங்கியிருக்கும், தண்ணீர் வடியும். "ஒண்ணுமில்லப்பா, உள்ள போகல" என்பார் சூப்பர்வைசர். ஒடிசா பையனாக இருந்தால் "குச் நஹி ஹோகா". எல்லைப்புற சூப்பர்வைசர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் ஹிந்தி வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது? பெட்டியில் இறுக்கிக் கட்டிய இரும்புப் பட்டையை வெட்டும்போது அது துள்ளி விழியில் அறைகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணின் முன்னறையில் ரத்தம் கசிந்து, டம்ளர் அடியில் தங்கிய பீட்ரூட் சாறு போல நிற்கும். தலையை உயர்த்திப் படுத்து, ஓடியாடாமல் இருந்தால் பெரும்பாலும் தானே வடிந்துவிடும். ஆனால் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை மறுபடி ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. இரண்டாவது கசிவு முதலாவதைவிட மோசமாகவும் இருக்கலாம். அதாவது சட்டத்தின் 48 மணி நேரம் முடிகிற இடத்தில்தான் கண்ணின் மெய்யான கண்டம் சூடுபிடிக்கிறது. நம் ஆள் அந்த இரண்டு நாளும் லைட் டூட்டியில் குனிந்து நிமிர்ந்து அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் பார்வை மங்கி லீவு போட்டால் அது சிக் லீவு. விபத்தை 'உடனே தொடர்ந்து' என்று சட்டம் சொல்கிறது, எச்.ஆர். சட்டம் படித்தவர்.

இதைவிடப் பொறுமையான காயம் ஒன்று இருக்கிறது. அடியின் அதிர்ச்சியில் கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற மூலை கிழிந்துபோகிறது. வலி இல்லை, பார்வையும் திரும்பிவிடுகிறது. பிறகு மாதங்கள் கழித்தோ, வருடங்கள் கழித்தோ, சிலருக்குப் பத்திருபது வருடம் கழித்தோ கண்ணின் அழுத்தம் ஏறி, கிளாக்கோமா வந்து, பார்வை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே வரும். அதற்குள் காண்டிராக்டர் மூன்று முறை பெயர் மாற்றியிருப்பார். பையன் ஜூஜூவாடி ரூமைக் காலி செய்து, அத்திபள்ளி தாண்டி பொம்மசந்திராவில் ஒரு வேலை, அப்புறம் கோயம்புத்தூர், அப்புறம் சொந்த ஊர் என்று போயிருப்பான். பார்வை போகிற அன்று அவனுக்கு அந்த இரும்புப் பட்டையே நினைவிருக்காது. கண்ணில் பலமாக அடிபட்டவர் பிறகு ஆண்டுக்கொரு முறையாவது கண் அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவனிடம் யார் சொன்னார்கள்? 2021 ஆகஸ்டில் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பிரஷரும் சுகரும் வீடு தேடி வந்து பார்க்கிறார்கள். கண்ணுக்குள்ளும் ஒரு பிரஷர் இருக்கிறது என்று யாராவது போய்ச் சொன்னால் புண்ணியம்.

வெல்டிங் வெளிச்சம் இன்னும் சாமர்த்தியமானது. வெல்டருக்காவது கையில் பிடிக்க ஒரு மாஸ்க் இருக்கும். டேக் வெல்டு அடிக்கும்போது அதையும் போடுவதில்லை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு தட்டு. எதிரில் பீஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஹெல்பருக்கு அதுவும் கிடையாது. அவனுக்குச் சொல்லித்தரும் ஒரே பாதுகாப்பு முறை, "மூஞ்சியத் திருப்பிக்கடா". புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது, ஆனால் உடனே வலிக்காது. ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். ஷிஃப்ட் முடிந்து, சோறு பொங்கித் தின்று, எட்டுப் பேர் படுக்கிற ரூமில் படுத்தபின் நள்ளிரவில் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதாக எழுந்து உட்காருவான். பக்கத்தில் படுத்தவன் உருளைக்கிழங்கைச் சீவி வைப்பான். கைக்குழந்தைக்காரி வீட்டுக் கதவைத் தட்டித் தாய்ப்பால் கேட்டு வாங்கிவந்த கதையெல்லாம் இந்த வட்டாரத்தில் உண்டு. காலையில் போய்ச் சொன்னால் கம்பெனிக்கு ஒரே சந்தேகம்: "கம்பெனியில இருந்தப்ப நல்லாத்தானே இருந்த? ரூம்ல என்ன பண்ணீங்க?"

காற்றடிக்கிற கதையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதற்கு மருத்துவம் தேவையில்லை, ஒரு பிரஷ் போதும். லேத்தில் பிசிறு குவிந்தால் கம்ப்ரஸர் ஹோஸை எடுத்து ஏர் அடிக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்தால் சட்டையிலும் தலைமுடியிலும் அதே ஹோஸ். ஒரு மெஷினைச் சுத்தப்படுத்தி நான்கு பேரின் கண்ணை அழுக்காக்குகிற இந்த முறையை எந்த எஞ்சினியரிங் கல்லூரியில் கற்பிக்கிறார்கள் என்று தெரியவில்லை. கிரைண்டிங் செய்தவன் கண்ணாடி போட்டிருந்தாலும், கண்ணாடியைக் கழற்றிவிட்டு டீக்குப் போகிறவன் கண்ணில் பக்கத்து மெஷின்காரன் அடித்த ஏர் வந்து விழுகிறது. வேலை முடிந்து முகம் கழுவுமுன் கண்ணைக் கசக்கினாலும் இதே கதி. புருவத்தில் தங்கிய தூளெல்லாம் இறங்கி வரும்.

விழுந்ததை எடுக்க ஒவ்வொரு ஷாப்பிலும் ஒரு நிபுணர் இருப்பார். சீனியர் டர்னர், கை நடுங்காதவர் என்று பேர். பையனை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, இமையைப் புரட்டி, பஸ் டிக்கெட்டை நீளவாக்கில் மடித்து அதன் மூலையால் நெருடுவார். வரவில்லையென்றால் பனியன் நுனியை எச்சில் தொட்டுத் திரித்துக்கொள்வார். அதற்கும் வராவிட்டால் டூல் பாக்ஸிலிருந்து காந்தம். பாவம், அவரைத் திட்ட மனசு வரவில்லை. அந்த வளாகத்தில் அந்தப் பையனின் கண்ணை நின்று பார்க்கிற ஒரே மனிதர் அவர்தான். சூடாக வந்து கருவிழியில் ஒட்டிய இரும்புத் துணுக்கைச் சுற்றி ஒரு நாளுக்குள் துருவளையம் கட்டிவிடும். துணுக்கு வந்தாலும் துரு வராது. அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சுரண்டி எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு யார் சொன்னார்கள்?

அடுத்த நிபுணர் மருந்துக்கடைக்காரர். "கண்ணு செவப்பா இருக்கு, டிராப்ஸ் குடுங்கண்ணா" என்றால் எந்தக் கேள்வியும் இல்லாமல் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து கைக்கு வரும். போட்ட அன்றே சிவப்பு இறங்கும். கீறல் வழியாகப் பூஞ்சை நுழைந்திருந்தால் அதற்கு அது விருந்து. இன்னொன்று இதைவிடக் கொடுமை: தூசி எடுக்கும்போது டாக்டர் விடுகிற மரத்துப்போகும் சொட்டு. சில நொடியில் வலி பறந்த அதிசயத்தைப் பார்த்தவன் பாட்டில் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு கடையில் கேட்கிறான். அதைத் தொடர்ந்து விட்டால் கருவிழி ஆறாது, கரைந்துகொண்டே போகும். மதுரையில் 434 கருவிழிப் புண் நோயாளிகளை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 65 பேருக்குப் புண் வருமுன் கண்ணில் சின்னதாக ஏதோ பட்டிருந்தது. கிருமி வளர்ந்த புண்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறையச் சரிபாதி. ஓசூர் ரோஜாத் தோட்டத்தில் முள் கீறினாலும், காவேரிப்பட்டணத்து மாந்தோப்பில் கிளை அடித்தாலும் வழி இதுதான். நேபாளத்தில் பக்தபூர் என்ற ஊரில் தன்னார்வலர்களைப் பழக்கி, கருவிழி கீறியவர்களுக்கு மூன்று நாள் குளோராம்ஃபெனிகால் களிம்பு போட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் போட்டுக்கொண்டவர் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. அந்தக் களிம்பின் விலை பூசணிக்காயைவிடக் குறைவு.

பிளேட்டிங் பட்டறைக்கும் ஒரு எட்டுப் போவோம். அங்கே காஸ்டிக் சோடாத் தொட்டி. ஆசிட்டுக்குப் பயப்படுகிற அளவுக்குக் காரத்துக்கு யாரும் பயப்படுவதில்லை, ஆனால் கண்ணுக்குக் காரம்தான் பெரிய எமன். ஆசிட் பட்ட இடத்தில் திசுவை உறையவைத்து அங்கேயே பெரும்பாலும் நின்றுவிடும். காரம் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டேயிருக்கும். சுண்ணாம்பும் சிமெண்டும் இதே ஜாதி. தெறித்த நொடியே எந்தத் தண்ணீராவது சரி, அரை மணி நேரமாவது ஓடவிட்டுக் கழுவ வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிப்பது அதற்கப்புறம். இதற்காகவே பச்சைப் போர்டு வைத்த கண் கழுவும் குழாய் ஒன்று சுவரோரம் இருக்கும். முன்னால் ஆள் உயரத்துக்கு அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும். பெட்டியை நகர்த்தித் திறந்தால் முதல் இரண்டு நிமிடம் துருத்தண்ணீர்.

கண்ணாடியே கிடையாது என்று சொன்னால் பாவம். ஸ்டோர் பீரோவில் பாலித்தீன் உறை பிரிக்காமல் இருக்கிறது. ஆடிட்டுக்கு வெளிநாட்டுக் கஸ்டமர் வருகிற அன்று எல்லார் மூக்கிலும் ஏறும். கார் கேட்டைத் தாண்டியதும் திரும்பி வாங்கி எண்ணி வைப்பார்கள். ஆயுத பூஜைக்கு இன்னொரு முறை வெளியே வந்து, ஏஜி4 கிரைண்டர் பக்கத்தில் சந்தனம் குங்குமத்தோடு உட்காரும். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினத்தில் போஸ்டரில் வரும். அன்று வாசகப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவருக்கு ஒரு டிஃபன் கேரியர்.

"கொடுத்தாலும் போட மாட்டேங்கறாங்க சார்" என்பது நிர்வாகத்தின் நிரந்தரப் புலம்பல். உண்மைதான், போடுவதில்லை. பிராண்டே இல்லாத பிளாஸ்டிக், ஒரு வாரத்தில் கீறல் விழுந்து புகைமூட்டமாகிவிடும். தகரக் கூரைக்குக் கீழே வேர்வையில் ஆவி படியும். ஏற்கெனவே பவர் கண்ணாடி போட்டவனுக்கு அதன்மேல் இது உட்காராது. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஒரே கண்ணாடி கைமாறினால் மெட்ராஸ் ஐ சீசனில் மொத்த லைனும் சிவந்த கண்ணோடு நிற்கும். பீஸ் கணக்கில் கூலி என்றால் துடைத்துத் துடைத்துப் போடுகிற நேரத்தில் பத்து பீஸ் போய்விடும். ஐ.எஸ். 5983 முத்திரையோடு, பக்கவாட்டு மறைப்போடு, பாலிகார்பனேட்டில், பவர் வேண்டியவனுக்குப் பவரோடு, ஆளுக்கொன்று கொடுத்துப் பார்த்தீர்களா? வெல்டிங்கைச் சுற்றித் திரை கட்டினீர்களா? கிரைண்டருக்குக் கார்டு மாட்டினீர்களா, மாட்டியதைக் கழற்றச் சொன்னது யார்? கண்ணாடி என்பது கடைசித் தடுப்பு. முதல் தடுப்பெல்லாம் மெஷினில் இருக்க வேண்டும், அதற்குப் பணம் செலவாகும், ஆகவே தொழிலாளியின் அலட்சியம்.

அலட்சியம் என்ற இந்தச் சொல்லுக்கு விலை உண்டு. 2025 நவம்பரில் இன்னொரு தொகுப்புச் சட்டத்துக்கு இடம் விட்ட 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில், ஒரு கண்ணின் பார்வை போனால் சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு 30 போனதாக அட்டவணை இருந்தது. கட்டைவிரலுக்கும் அதே 30. விழியையே எடுத்துவிட்டால் 40. அரைகுறையாக மங்கினால் 10. காளத்திநாதருக்கு ஒரு கண்ணைக் கொடுத்த கண்ணப்பருக்கு முக்தி கிடைத்தது. அவர் ஓசூரில் இருந்திருந்தால் ஃபார்முலா போட்டிருப்பார்கள். இருபத்தைந்து வயது, மாதம் 15,000 என்று எடுத்துக்கொண்டால் சம்பளத்தில் 60 சதவீதம், வயதுக்கான காரணி 216.91, அதில் 30 சதவீதம்: ரூ.5,85,657. கொடுத்துவிட்டால் நல்லது. ஆனால் கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தைத் தொழிலாளி வேண்டுமென்றே ஒதுக்கியிருந்தால், உயிரோ முழுத் திறனோ போகாதவரை, முதலாளி தர வேண்டியதில்லை என்று அதே சட்டத்தில் ஒரு விலக்கும் இருந்தது. ஆகவே கண்ணில் கட்டுப்போட்ட அன்று, மருந்து நெடி போகுமுன் ஒரு தாள் வருகிறது: 'எனக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வழங்கப்பட்டது. நான் அணியவில்லை.' தமிழில் டைப் அடித்தது. கையெழுத்திடுகிறவனுக்குத் தெரிந்தது ஒடியா. தமிழே தெரிந்தவன் என்றாலும், படிக்க வேண்டிய கண் கட்டுக்குள் இருக்கிறது.

2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கடை வெடித்து ஒன்பது பேர் செத்தார்கள். அக்டோபர் 7 அன்று ஓசூரைத் தாண்டியதும் வருகிற கர்நாடகத்து அத்திபள்ளியில் பட்டாசுக் கிடங்கு எரிந்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போனவர்கள். இரண்டு மாநில அரசுகளும் நிவாரணம் அறிவித்தன. சாவென்றால் எல்லைக்கு இருபுறமும் அமைச்சர்கள் வருவார்கள். பர்கூர், ஜெகதேவி பக்கம் கல் கொத்துகிறவன் கண்ணிலும், ஜிகணியில் கிரானைட் பாலிஷ் போடுகிறவன் கண்ணிலும் தினம் தெறிக்கிற சில்லுக்கு இந்தப் பக்கத்து ரெஜிஸ்டரும் இல்லை, அந்தப் பக்கத்து ரெஜிஸ்டரும் இல்லை. அரைக்கண் குருடனுக்கு எந்த ஊர் ஹெலிகாப்டர் இறங்கும்?

காண்டிராக்ட் முடிந்து ரிலீவ் ஆனவன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போகிறான். அங்கே எடுத்த எடுப்பில் கண் பரிசோதனை. ஏழு வருடச் சர்வீஸில் அவன் கண்ணை ஒரு கம்பெனி முறையாகப் பார்க்கிறது என்றால் அது சேரும் நாளில் மட்டும்தான். வலக்கண்ணால் கடைசி வரி வரை படித்துவிடுகிறான். வலது உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டு இடக்கண்ணால் தொடங்கியவன் மூன்றாம் வரியில் நிற்கிறான். பலகையை நெருங்கி ஒரு அடி எடுத்து வைக்கப் போக, மேஜைக்குப் பின்னாலிருந்து ஃபைல் மூடுகிற சத்தம் கேட்கிறது.

"பத்தாதுப்பா. எங்க கம்பெனியில சேஃப்டி ரொம்ப முக்கியம்."